ஏழுக்கான மூன்று நிமிடம்

தேவாலயத்துப் பங்கு மன்றத்துச் சுவரில் மாட்டியிருந்த பேனரில் அவளுடைய வலது கை எட்டின் தோளில் இருந்தது.

அவள் தன் வாழ்நாளில் எட்டின் தோளில் கை வைத்தவள் அல்ல. எட்டு என்பவன் கோயிலில் கீபோர்டு வாசிப்பவன், மற்ற நேரத்தில் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவன். உலகத்துக் கத்தோலிக்க இளைஞர்கள் எல்லாம் கூடும் திருப்பயணத்துக்கு இந்தப் பங்கிலிருந்து பெயர் கொடுத்தவர்களில் எட்டாவது ஆள் என்பதால் எட்டு. அவள் ஆறு. ஒரு வருடம் கூடிக் கூடிப் பயிற்சி எடுத்ததில் ஞானஸ்நானப் பெயர்கள் எல்லாம் பதிவேட்டோடு நின்றுவிட்டன. ஒருவரையொருவர் எண்ணால் கூப்பிட்டே பழகிவிட்டார்கள்.

அவள் பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சித்தி பின்னால் வந்து நின்றாள்.

"ஏண்டி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றாள் சித்தி. "பையன் நல்ல பையன்தான். கொஞ்சம் ஒல்லி. கல்யாணம் ஆனா சரியாயிடும்."

"சித்தி, அது அவன் தோள் இல்ல."

"பின்ன யாரு தோளு? எனக்கென்ன கண்ணு தெரியாதா? நீ போட்டுக் கொடுத்த கண்ணாடிதான் இது."

அதுவும் உண்மைதான். கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்துக்குள் பொருத்துவது அவள் வேலை. கால் மில்லிமீட்டர் தள்ளினாலும் ஆளுக்குத் தலை சுற்றும் என்று தெரிந்தவள். பேனரில் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்த பார்வையிலேயே அவளுக்குத் தெரிந்தது. ஓர் ஆள் அகலம்.

"அது தம்பி தோளு" என்றாள்.

 சித்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பூ அடுக்க ஆள் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி நகர்ந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை.

எண்களைக் கொண்டுவந்ததே தம்பிதான். அவன் லிஃப்ட் மெக்கானிக். எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணாமல் கதவை மூடவிட மாட்டான். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் லிஃப்டில் ஏறிய ஆட்களை எண்ணி, கடைசியாக ஏறிய மாமாவை இறக்கிவிட்டவன். திருப்பயணத்துக்குப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்ததும், "பன்னிரண்டு பேர். அதுல ஒருத்தன் யூதாஸ். அதனால எண்ணிக்கிட்டே இருக்கணும்" என்றான். ஒன்று முதல் பன்னிரண்டு வரை கொடுத்தான். தனக்கு ஏழு எடுத்துக்கொண்டான். அக்காவுக்குப் பக்கத்தில் நின்றால்தான் அவள் தூங்குகிறாளா என்று பார்க்க முடியும் என்று காரணம் சொன்னான்.

அவன் வைத்த விதி இரண்டு. முன்னால் இருப்பவர் தன் எண்ணைச் சொல்லாமல் அடுத்தவர் சொல்லக் கூடாது. நடுவில் யாராவது குறுக்கே பேசினால் மறுபடி முதலிலிருந்து. இந்த இரண்டாவது விதியால் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பன்னிரண்டு, கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற பெண், வாயை மூடத் தெரியாதவள். ஒரு நாள் அவளால் ஒன்பது முறை எண்ணினார்கள்.

புறப்படப் பத்து வாரம் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஒன்பதாவது மாடிக்கு மேலே இயந்திர அறையில் வேலை செய்துகொண்டிருந்தவன் தலை வலிக்கிறது என்று தன் கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். பிறந்ததிலிருந்தே அது அங்கே மெலிந்துதான் இருந்திருக்கும் என்றார்கள். இருபத்து நான்கு வயது. ஒரு முதலாளியின் சட்டையைப் பிடிக்க வழியில்லை, ஒரு மருத்துவரைத் திட்ட வழியில்லை. திட்டுவதென்றால் கடவுள் ஒருவர்தான் மிச்சம்.

அவள் அதற்காகத்தான் போனாள். மற்றவர்கள் அவள் போகமாட்டாள் என்று நினைத்திருந்தார்கள்.

விமான நிலையத்தில் ஒன்று, அவள் ஒரு நர்ஸ், எல்லோரையும் நிற்கவைத்து எண்ணச் சொன்னாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்தது. அவள் ஆறு என்றாள். அதற்குப் பிறகு சத்தமில்லை. எட்டு வாயைத் திறந்தான், வரவில்லை. விதி விதிதானே. முன்னால் இருப்பவன் சொல்ல வேண்டும். அறிவிப்பு ஒலித்தது, பெட்டிகள் உருண்டன, யாரோ ஒரு குடும்பம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. பன்னிரண்டுகூடப் பேசவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் கழிந்த பிறகு எட்டு, "எட்டு" என்றான்.

அன்றிலிருந்து அப்படித்தான். பேருந்தில் ஏறும்போது, தெருவில் கூட்டத்தைக் கடக்கும்போது, தங்கவைத்திருந்த உடற்பயிற்சிக் கூடத்துத் தரையில் பாய் விரித்துப் படுத்து எழும் காலையில். ஆறு, ஒரு மூச்சு, எட்டு. எண்களை மாற்றிவிடலாமே, பதினொன்றோடு முடியுமே என்று ஒருங்கிணைப்பாளர் ஒருவர் அன்பாகத்தான் சொன்னார். பதினொரு பேரும் அவரை ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடைசி நாள் மைதானத்தில் படம் எடுத்தார்கள். வரிசைப்படி நின்றார்கள். அவளுக்கும் எட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் அகலம் விட்டார்கள். அவள் தன் கையை உயர்த்தி, தம்பியின் தோள் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் வைத்தாள். கை வலித்தது. வேறு நாட்டுக்காரப் பையன் ஒருவன், நெட்டையாக, வெயிலில் மூக்கு உரிந்தவன், தனக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நடுவில் வந்து நின்றான். அவள் தள்ளிய தள்ளில் புல்லில் உட்கார்ந்துவிட்டான். எட்டு அவனுக்கு அந்த இடத்தைக் காட்டி, ஏழு விரல் காட்டி, பிறகு மேலே காட்டினான். பையனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து தொப்பியைக் கழற்றினான். வேறு யாரும் குறுக்கே வந்துவிடாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, படம் எடுத்து முடியும்வரை காவல் நின்றான்.

அந்த இடத்தைத்தான் பேனரில் மூடியிருந்தார்கள்.

பங்குப் பேரவைச் செயலர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மன்றத்து அலுவலக அறையில் அவர் மேசையில் பதினொரு தாள்கள் அடுக்கியிருந்தன. மறுநாள் மாலை திருப்பயண அனுபவப் பகிர்வு. ஒவ்வொருவரும் தான் பேசப்போவதை எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் சிவப்பு மையில் திருத்திக் கொடுப்பார்.

"படத்துல நடுவுல ஓட்டை மாதிரி இருந்துச்சும்மா" என்றார். "ஸ்டூடியோக்காரர்தான் சேர்த்துக் கொடுத்தார். எவ்வளவு அழகா சேர்த்திருக்கார் பாரு. தெரியவே இல்ல."

"ஓட்டை இல்ல சார். அது என் தம்பி."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கெட்டவர் இல்லை. அடக்கத்தன்று மழையில் நனைந்துகொண்டு குடை பிடித்தவர், பிடித்தது சவப்பெட்டிக்கு.

"தெரியும்மா. எனக்கு வருத்தம் இல்லன்னு நினைக்கிறியா? ஆனா நாளைக்கு சந்தோஷமான நிகழ்ச்சி. சின்னப் பிள்ளைங்க வருவாங்க. அடுத்த தடவை போறதுக்கு அவங்களுக்கு ஆசை வரணும். பதினோரு பேர், ஆளுக்கு மூணு நிமிஷம். எவ்வளவு ஆச்சு? முப்பத்து மூணு. ஆண்டவரோட வயசு. நானா போட்ட கணக்கு இல்ல, தானா அமைஞ்சது." அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது.

"பன்னிரண்டு பேர் சார். முப்பத்தாறு நிமிஷம்."

அவர் அதைக் காதில் வாங்காமல் அவள் தாளை உருவினார். எல்லாத் தாளுக்கும் தலைப்பு அவரே கொடுத்திருந்தார்: திருப்பயணத்தில் நான் பெற்ற ஆறுதல். அதன் கீழே அவள் எழுதியிருந்ததில் பெரும்பகுதி சிவப்பாக இருந்தது.

"இதை எப்படிம்மா மேடையில வாசிப்ப? கடவுளோட சண்டை போட்ட மாதிரி இருக்கு."

"மாதிரி இல்ல சார். சண்டைதான்."

"சண்டை போடவா அவ்வளவு தூரம் போன?"

"இங்கயே போட்டுப் பார்த்தேன். கேக்கல. லட்சம் பேர் கூப்பிடுற இடத்துல நின்னு கேட்டா திரும்பிப் பார்ப்பாருன்னு போனேன்."

"பார்த்தாரா?"

"இல்ல."

அவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அப்போ விசுவாசம் ஆட்டம் கண்டுருச்சு."

"இல்லாத ஆள்கிட்ட யாராவது சண்டைக்குப் போவாங்களா சார்? நீங்க சிவப்பால அடிச்சிருக்கிறதுதான் என் விசுவாசம். கறுப்புல மிச்சம் இருக்கிறது வெறும் மரியாதை."

தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று மாலை வீட்டில் செபமாலை சொன்னார்கள். பத்துப் பத்து மணியாக ஐந்து சுற்றில் முதலாவதை முன்னின்று சொல்வது அப்பா. இரண்டாவது அம்மா, மூன்றாவது அவள், நான்காவது தம்பி, ஐந்தாவது எல்லோரும் சேர்ந்து. தம்பி இறந்த எட்டாம் நாளே நான்காவதை அம்மா எடுத்துக்கொண்டாள். மூன்றாவது முடிந்து மூச்சு விடுவதற்குள் அம்மாவின் குரல் அங்கே ஏறி உட்கார்ந்துவிடும். அப்பா பேருந்து ஓட்டுநர், எந்த வளைவிலும் வேகத்தைக் குறைக்கத் தெரிந்தவர், அந்த இடத்தில் மட்டும் மனைவிக்குப் பின்னால் அவசர அவசரமாக ஓடுவார்.

செபமாலை முடிந்ததும் அவள் கேட்டாள். "அம்மா, நாலாவதைக் கொஞ்சம் நிறுத்தித்தான் ஆரம்பியேன்."

அம்மா மணிகளைப் பெட்டிக்குள் சுருட்டி வைத்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் கை. எதையும் நான்காக மடித்துத்தான் வைக்கும்.

"நிறுத்தினா நான் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன்டி" என்றாள். "உனக்கென்ன, நீ நின்னு சண்டை போடுவ. நான் நின்னா விழுந்துருவேன். அதான் நிக்கிறதில்ல."

"அந்தப் படத்தைப் பார்த்தியா?"

"பார்த்தேன். விடு. கிட்ட கிட்டயே நிக்கட்டும்." பெட்டியை மூடிவிட்டு, "உன் சித்தி என்கிட்ட வந்து மாப்பிள்ளை ஒல்லின்னு சொல்றா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவன் போனதுக்கப்புறம் மொத தடவை. சிரிச்சுட்டு குளியலறைக்குள்ள போய் உட்கார்ந்துட்டேன்" என்றாள்.

அவளால் விட முடியவில்லை. மறுநாள் மதியம், நாற்காலி அடுக்க ஆட்கள் வருவதற்கு முன், பதினொரு பேரும் மன்றத்தில் கூடினார்கள். அவள் கடையிலிருந்து மெல்லிய கத்தி கொண்டுவந்திருந்தாள். பேனரை இறக்கித் தரையில் விரித்தார்கள். கேள்வி கேட்டது பன்னிரண்டு மட்டும்தான், அதுவும் "நேரா வெட்டுனா உன் கை அவன்கூடப் போயிடுமே" என்று.

"நேரா வெட்ட மாட்டேன்" என்றாள்.

மண்டியிட்டு உட்கார்ந்து மேலிருந்து கீழே வெட்டி வந்தாள். கை இருந்த இடத்தில் மட்டும் கத்தி வளைந்தது. மணிக்கட்டைச் சுற்றி, கட்டைவிரலைச் சுற்றி, ஒவ்வொரு விரலாகச் சுற்றி.  வெட்டி முடித்து இரண்டு துண்டையும் விலக்கியபோது, அவளுடைய கை துண்டின் ஓரத்தைத் தாண்டித் தனியாக நீட்டிக்கொண்டு இருந்தது. எட்டின் தோளில் ஐந்து விரல் வடிவில் ஓர் ஓட்டை.

"என் தோள் போச்சு" என்றான் எட்டு.

"சித்திக்கு நீ ஒல்லி. இப்ப இன்னும் கொஞ்சம் கொறைஞ்சுட்ட."

"உன் சித்திக்கு என்னைப் பிடிக்கும்னு எனக்குத் தெரியும். மருந்துக்கடைக்கு வந்து ஒரு மாத்திரைக்கு அரை மணி நேரம் பேசுவாங்க."

ஓர் ஆள் அகலம் இடைவெளி விட்டு இரண்டு துண்டுகளையும் மாட்டினார்கள். நடுவில் சுவர் தெரிந்தது. சுவரில் மின்விசிறிகளுக்கான சுவிட்சுப் பலகை. நேற்று வரை மின்விசிறி போட வேண்டுமானால் பேனரை ஓரத்திலிருந்து தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டியிருந்தது. பலகையின் மூலையில் கறுப்பு நாடா சுற்றியிருந்தது. போன வருடம் பாடல் பயிற்சியின்போது தீப்பொறி பறந்தபோது தம்பி கழற்றி மாட்டியது. எட்டு அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மின்விசிறியைப் போட்டான்.

மாலையில் செயலர் வந்து பார்த்தபோது மன்றம் நிறைந்திருந்தது. பங்குத்தந்தை முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். அவர் இந்தப் பங்குக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. செயலர் பேனரைப் பார்த்தார், பதினொரு பேரைப் பார்த்தார், கழுத்துப் பட்டனைத் தளர்த்திக்கொண்டார். கூட்டத்துக்கு நடுவில் என்ன செய்ய முடியும். "நிகழ்ச்சி முடியட்டும், பேசிக்கலாம்" என்று மட்டும் ஒன்றின் காதில் சொன்னார்.

பகிர்வு தொடங்கியது. ஒவ்வொருவரும் ஒலிவாங்கிக்கு வந்து முதலில் தன் எண்ணைச் சொன்னார்கள். இரண்டு, தான் தொலைந்துபோய்ப் பேச்சு புரியாத ஒரு கிழவரோடு ரொட்டி தின்ற கதையைச் சொன்னான். மன்றம் சிரித்தது. நான்கு, தன் பாதத்தில் வந்த கொப்புளங்களுக்கு ஒவ்வொரு புனிதர் பெயர் வைத்ததைச் சொன்னாள்.

அவள் வந்தாள். "ஆறு" என்றாள். சிவப்பு மை அடித்த தாளை விரித்து, அடித்ததை மட்டும் வாசித்தாள்.

"எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. லட்சம் பேர் முழங்காலிட்டபோது நானும் முழங்காலிட்டு, ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். பதில் இல்லை. எழுந்து நின்று கேட்டேன். அப்போதும் இல்லை. எல்லோரும் பாடினார்கள், நான் பாடவில்லை. எனக்குப் பக்கத்தில் பாடியிருக்க வேண்டியவன் ராகம் தெரியாதவன், அவன் தப்பாகப் பாடாமல் என்னால் சரியாகப் பாட முடியாது. கேள்வியை அங்கே விட்டுவிட்டு வந்தேன் என்று நினைக்காதீர்கள். கூடவே கொண்டுவந்திருக்கிறேன். பதில் வரும்வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். போகச் சொன்னாலும் போகமாட்டேன்."

தாளை மடித்துக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றாள்.

எட்டு கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அவன் வரவில்லை. பன்னிரண்டு தன் கைபேசியில் நேரம் ஓடவிட்டாள். மூன்று நிமிடம்.

முதல் நிமிடம் மின்விசிறிகளின் சத்தம் மட்டும் இருந்தது. மைக் கெட்டுவிட்டதா என்று பின்னால் யாரோ கேட்டார்கள். ஒரு குழந்தை "முடிஞ்சிருச்சா" என்றது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். பேனரின் அந்த இடைவெளியைப் பார்க்காமல் இருக்க ஆட்கள் தங்கள் மடியைப் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராக நிமிர்ந்து அதையே பார்த்தார்கள். பங்குத்தந்தை எழுந்திருக்கப் பார்த்து, பதினொரு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எட்டு, வாப்பா" என்று செயலர் கிசுகிசுத்தார். எட்டு இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

இரண்டாவது நிமிடம் செயலரால் முடியவில்லை. மௌனம் கைக்குழந்தை மாதிரி வீறிட்டு அழுவதாகத் தோன்றியது அவருக்கு. எதையாவது கொடுத்து அமர்த்த வேண்டும். பக்கவாட்டு ஒலிவாங்கியை எடுத்து, பழகிய குரலில், "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கினார். மன்றம் முழுவதும் வாய்கள் தாமாகத் திறந்தன. அந்தச் செபத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க இந்தக் கூட்டத்துக்குத் தெரியாது. பதினொரு பேருக்குமே உதடு அசைந்துவிட்டது.  இனி அம்மாவின் குரல் எல்லோருக்கும் முன்னால் ஓடும் என்று அவளுக்குத் தெரியும்.

"நிறுத்துங்க சார்."

அம்மாதான். ஐந்தாவது வரிசையில் எழுந்து நின்றிருந்தாள். சித்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா கையை உதறவில்லை, உட்காரவும் இல்லை.

"இது என் பையனோட நேரம்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "அவன் சும்மா இருக்கட்டும்."

"அம்மா, செபம்தானே சொல்றேன்." செயலரின் குரல் தடுமாறியது. "நேரம் போகுது. முப்பத்து மூணுன்னு அழகா அமைஞ்சது, ஆண்டவரோட வயசு..."

"முப்பத்து மூணு" என்றாள் அம்மா. "அது போதும்னு அவங்க அம்மா சொன்னாங்களா சார்? யாராவது கேட்டீங்களா?"

செயலர் ஒலிவாங்கியைத் தாழ்த்தினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

மேடையில் பன்னிரண்டு தன் கைபேசியைப் பார்த்தாள். இன்னும் நாற்பது வினாடி மிச்சமிருந்தது. அவள் ஆறைப் பார்த்தாள்.

"குறுக்கே பேசிட்டாங்க" என்றாள்.

"ஆமா" என்றாள் ஆறு.

ஓடிய நேரத்தைப் பன்னிரண்டு அழித்துவிட்டு, மூன்று நிமிடத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

அம்மா உட்காரவில்லை. அவளுக்குப் பக்கத்தில் அப்பாவும் எழுந்து நின்றார். இந்த முறை யாருடைய வாயும் திறக்கவில்லை.